முந்நூற்றுப் பன்னிரண்டாம் மணி

ஹமில்ரனில் கடல் இல்லை.
ஏரி இருக்கிறது, அதன் நீரைக் குடிக்கிறோம்.
கடலென்று எங்களிடம் இருப்பது
ஆய்வுகூட மூலையில்
சவப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி.
உள்ளே முப்பத்தைந்து பாகை வெக்கை,
நூற்றுக்கு ஐந்து பங்கு உப்பு, ஓயாத மூடுபனி.
மூடியைத் தூக்கினால் கண்ணாடி வியர்த்துவிடும்.
சன்னலுக்கு வெளியே பெப்ரவரி,
பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு.

அந்தப் பெட்டிக்குள்
பூச்சுப் பூசிய உருக்குத் தகடுகளைச் சாய்த்து வைத்து
அவை கெட்டுப்போகக் காத்திருப்பது என் உத்தியோகம்.
வங்கிப் படிவத்தில்
பொறியியல் என்று எழுதிக்கொள்கிறேன்.

துத்தநாகம்.
பெயரின் பின்பாதியில் ஒரு பாம்பு.
உருக்கின் மேல் சட்டையாய்க் கிடக்கும்,
உருக்குக்கு முன்னால் தான் உரியும்.
பாடநூலில் இதற்குத் தியாகம் என்று பெயர்.
வெஸ்னாவுக்கு அந்தச் சொல் ஆகாது.
"அது யாரையும் காப்பாற்றவில்லை.
இரும்பைவிட அதற்கு அவசரம் அதிகம்.
அவ்வளவுதான்."

அந்த அவசரத்தைக் கொஞ்சம் தணிப்பதற்கே
எங்களுக்குச் சம்பளம்.
உருகிய துத்தநாகத்தில் அலுமினியம் கொஞ்சம்,
பிறகு மக்னீசியம், கிள்ளிக் கிள்ளி.
கறிக்கு உப்புப் பார்ப்பதுபோல் இல்லை இது,
நாக்கில் வைக்க முடியாது.
கூடினாலும் குறைந்தாலும்
பெட்டிதான் சொல்லும், பல கிழமை கழித்து.

பதினேழாம் தகட்டை எல்லோரும் நம்பினோம்.
பெட்டியில் கிடந்ததிலேயே மெல்லிய பூச்சு.
ஆயிரம் மணி நிற்கும் என்று
ஒக்டேவ் ஒரு கோப்பிக்குப் பந்தயம் கட்டினான்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் மணியில்
கீழ் இடது மூலையில்
செம்மஞ்சளாய் ஒரு கண் திறந்தது.

யாரும் பேசவில்லை.
ஒக்டேவ் கோப்பி வாங்கிவந்தான், ஆறவிட்டான்.
மக்னீசியத்தை மாற்றிப் பார்த்தோம்.
அண்டாவின் சூட்டை இறக்கினோம், ஏற்றினோம்.
வேறு தகடுகள் முக்கினோம்.
கணக்கில் பிழை இல்லை, தராசில் பிழை இல்லை.
பதினேழை மட்டும்
எடுத்தெறிய மனமின்றிப் பெட்டியிலேயே விட்டிருந்தோம்.

ஒரு வியாழன் இரவு, தனியே,
உருப்பெருக்கியின் கீழ் அதை வைத்தேன்.
துரு அங்கே வரிவரியாய் ஓடியது.
வளைந்த வரிகள், ஒன்றுக்குள் ஒன்று,
நடுவில் ஒரு சுழி.
சுழிக்குக் குறுக்கே நேராய் ஒரு வெட்டு.

என் பெருவிரலைத் திருப்பிப் பார்க்கத் தேவையே இல்லை.
மீன் டின் மூடி கிழித்த தழும்பு,
எனக்குத் தெரியாதா?
கழுவித் துடைத்த தகட்டை, முக்குவதற்கு முன்,
கையுறை இல்லாமல் பிடித்திருக்கிறேன்.
அந்த இடத்தில் பூச்சு ஒட்டவே இல்லை.
மூன்று கிழமையாய் நாங்கள் திட்டியது
ஒரு பாவமும் அறியாத மக்னீசியத்தை.

கழற்றி ஒளித்துவிடலாம் என்று நினைத்தேன்.
நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

வெஸ்னா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
நெடுநேரம் குனிந்திருந்தாள்.
நான் வேலையை மனதுக்குள் இழந்துகொண்டிருந்தேன்.
"மணி என்ன?" என்றாள்.
பதினொன்றரை என்றேன்.
"அந்த மணி இல்லை. பெட்டி மணி."
எண்ணூற்று நாற்பது.

எண்ணூற்று நாற்பது மணி உப்புக்குள்
அம்மணமாய்க் கிடந்த ஒரு விரல் அகல இரும்பு,
துரு அதன் எல்லையைத் தாண்டியிருக்கவில்லை.
தாண்டாதது மட்டுமில்லை,
சுற்றியிருந்த பூச்சிலிருந்து
வெண்மையாய் ஏதோ கரைந்து வந்து
ஓரத்து வரிகளை மூடத் தொடங்கியிருந்தது,
நகக்கண் அகலத்துக்கு.
வெட்டின தழும்பு மட்டும் இன்னும் சிவப்பு.

இனி எல்லாத் தகட்டிலும்
வேண்டுமென்றே ஒரு வெறுமை விடப்போகிறோம்.
விரலால் இல்லை, அளந்து, நாடா ஒட்டி.
அறிக்கையில் "தற்செயலான மாசு" என்று வெஸ்னா எழுதினாள்.
அடித்து, என் பெயரை எழுதினேன்.
திரும்ப அடித்தாள்.

வீட்டுக்குப் போகையில்
பேர்லிங்டன் வீதியில் உப்பு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன்.
கல் உப்பு என் காரின் கதவில்
சடசடவென்று விழுந்தது.
பன்னிரண்டு வயதுக் கார்.
பின்சில்லுக்கு மேலே
கை நுழையும் அளவு ஓட்டை.
முந்திப் போகலாம், பாதை இருந்தது.
போகவில்லை.